கட்ச் பாலைவனத்தில் கசியும் பிசின்

குஜராத்தின் புஜ் நகரிலிருந்து லக்பத்துக்குப் போகிறவர்கள், கோட்டைச் சுவரில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 1819 நிலநடுக்கத்துக்குப் பிறகு சிந்து ஆற்று நீர் விலகிப்போக, துறைமுக ஊர் வெறிச்சோடிய கதை பெரிய கதைதான். நான் பார்க்கப் போனது வழியில் கல்மேட்டில் நிற்கும் ஒரு முட்செடியை.

குக்குலு. குஜராத்தியில் 'கூகள்'. ஓட்டுநர் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. என் தோள் உயரம்தான். இலை ஒன்றும் இல்லை. கிளை நுனியெல்லாம் முள். தண்டின் பட்டை காகிதம்போல உரிந்து தொங்குகிறது. யாரோ எப்போதோ கீறிய இடத்தில் பிசின் பழுப்பாக உறைந்திருந்தது. குனிந்து மோந்து பார்த்தேன்; சாம்பிராணிக்குப் பங்காளி போன்ற மணம்.

வானொலியில் உடல்நலம் பேசும் நாளெல்லாம் நேயர்கள் கேட்பது இதுதான்: "உடம்பு இளைக்க குக்குலு மாத்திரை சாப்பிடலாமா?" நான் கிளம்பும்போது என் அக்காவும் இரண்டு டப்பா வாங்கி வரச் சொன்னார். அவர் தினமும் காலையில் தைராய்டு மாத்திரை போடுபவர்.

சுஸ்ருத சம்ஹிதை சொல்லும் இந்த மருந்தை 1960களில் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில் முயல்களுக்குக் கொடுத்து ஆராய்ந்தவர் ஜி.வி. சத்யவதி. பிசினில் உள்ள முக்கியப் பொருள் குக்குல்ஸ்டீரோன். பெண்களின் உடலில் சுரக்கும் புரோஜெஸ்டிரோனுக்கும் இதற்கும் அமைப்பில் நெருங்கிய சாயல் உண்டு. ஹார்மோனைச் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்லில் அதற்கென்று பூட்டு இருக்கிறது. இந்தச் செடியின் சாவி, சோதனைக்கூடத்தில், பல பூட்டுகளில் நுழைந்து பார்க்கிறது: ஈஸ்ட்ரோஜனுக்கு உரியது, புரோஜெஸ்டிரோனுக்கு உரியது, பித்த அமிலத்தை உணர்வது. எலிகளிடம் தைராய்டு சுரப்பியையும் முடுக்கிவிட்டது. மருத்துவர் ரத்தம் பார்த்து அளந்து கொடுத்த தைராக்சினோடு இதையும் விழுங்கினால் அந்தக் கணக்கு குழம்பலாம். கர்ப்பிணிகளுக்கு இது கூடவே கூடாது.

சரி, கொழுப்பாவது குறையுமா? 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 103 பேர் கலந்துகொண்டார்கள். 8 வாரம் குக்குலு சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு குறையவில்லை, சற்றுக் கூடியது. சிலருக்கு உடம்பெல்லாம் தடிப்பு. 'இயற்கைதானே, ஒன்றும் செய்யாது' என்பவர்களிடம் எனக்கு ஒரே கேள்வி: ஒன்றும் செய்யாது என்றால் அது எப்படி மருந்து?

செடியின் நிலைமையும் சுகமில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில், அழிவின் விளிம்பில் இருப்பவற்றில் இதுவும் ஒன்று. பால்மரம் வெட்டிய என் பாட்டி, உளி பட்டையைத் தாண்டிக் கட்டையில் படக்கூடாது என்பார். இங்கே அவசரத்தில் ஆழமாகக் கீறி, கூடுதல் பிசினுக்காக மருந்தும் தடவிவிடுகிறார்கள், செடி காய்ந்துபோகிறது. நம் தோட்டங்களில் பால் பெருகத் தடவும் அதே எத்திஃபானையும், ரப்பர் சீவும் கத்தியையும் குக்குலுவில் முயன்று பார்த்து ஆய்வாளர்கள் 1989இலேயே எழுதியிருக்கிறார்கள். எத்திஃபான் மரத்துக்குள் எத்திலீனாக மாறும். எத்திலீன் மரத்தின் சொந்த ஹார்மோன். செடியின் ஹார்மோனைத் தூண்டி எடுத்த பிசின், நம் ஹார்மோனைச் சீண்டப் போகிறது!

போக நினைப்பவர்கள் நவம்பர், பிப்ரவரிக்கு இடையில் போங்கள், வெயில் தாங்கும். அக்காவுக்கு புஜ் கடைத்தெருவில் பந்தினி துப்பட்டா வாங்கினேன். மாத்திரையைப் பற்றி அவருடைய மருத்துவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் கேட்டபாடில்லை.