பூட்டும் அயலும்



1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, பதினைந்து வயதினராய் நாமும் அவர்களோடு நடந்தோம். அம்மா வீட்டைப் பூட்டித் திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். மறு ஆண்டு திரும்பியபோது திறப்பு இருந்தது, கதவு இருக்கவில்லை. அதுவரை அவ்வீட்டைக் காத்தது பூட்டன்று, வேலிக்கு அப்பாலிருந்து ‘யாரது?’ என்று குரல் கொடுத்த அயல்வீட்டு ஆச்சியே என்பதை அன்று உணர்ந்தோம். ஊரோடு அவரும் போயிருந்தார்.

இன்று முவைலாவில் நம் வீடுகளுக்கு உறுதியான பூட்டுகள் உண்டு. எதிர்வீட்டாரின் பெயரோ பலருக்குத் தெரியாது. எமக்கும் தெரியாது. ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் ஊர் செல்வோரின் வாசலில் குவியும் விளம்பரத் தாள்களே ஆளில்லை என்பதைத் திருடனுக்கு அறிவித்துவிடும். அவற்றை அகற்ற ஓர் அயலவர் போதும். ஐயத்துக்குரியதைக் கண்டால் 999க்கு அறிவிப்பதே முறை. நாமே பிடித்து அடித்தல் முறையன்று. 2011இல் இலங்கையில் ‘கிறீஸ் பூத’ அச்சம் பரவியபோது வெறும் ஐயத்தால் உயிர்களும் பறிபோயின.

ஊரில் ஆசிரியராயிருந்த பழக்கத்தால் வீட்டுப்பாடம் ஒன்று தருகிறோம்: எதிர்வீட்டாரின் பெயரை அறிந்து வாருங்கள். எம் எதிர்வீட்டுக் கதவை நாமும் இன்று தட்டுவோம்.