விராலின் மூச்சை அளக்கப் பழகியது

ஒப்பீட்டு உடலியங்கியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது எனக்குக் கிடைத்த விலங்கு விரால். அதற்குச் செவுள் மட்டும் போதாது. அடிக்கடி மேலே வந்து ஒரு வாய் காற்றை எடுத்துக்கொண்டு போகும். வரவிடாமல் தடுத்தால் நல்ல நீரிலேயே மூச்சு முட்டும்.

முதலில் பழகியது நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் விங்க்ளர் முறை. 1888-ல் வந்த முறை. ஆக்சிஜன் மீட்டர் மேசையிலேயே இருந்தாலும், "கையால செஞ்சு பார்க்காம மீட்டரை நம்பாதம்மா" என்பார் எங்கள் பேராசிரியர். பாட்டிலில் குமிழி சிக்காமல் நீரை நிரப்பி, பிப்பெட் நுனியை நீருக்குள் இறக்கி மாங்கனீஸ் சல்பேட்டும் கார அயோடைடும் விட வேண்டும். பழுப்பாகப் படிவு திரளும். ஆக்சிஜன் வற்றிய நீரென்றால் படிவு வெளுத்துக் கிடக்கும். கணக்குப் போடும் முன்பே நிறம் பாதி பதிலைச் சொல்லிவிடும். கந்தக அமிலம் பட்டதும் படிவு கரைந்து மஞ்சளாகும். தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மஞ்சள் வெளிறும்போது ஸ்டார்ச் சேர்த்தால் நீலம். அந்த நீலம் மறைகிற சொட்டில் ப்யூரெட்டை மூட வேண்டும்.

இதெல்லாம் சீக்கிரமே கைக்கு வந்துவிடும். மீனை அமைதிப்படுத்துவதுதான் வித்தை. வலையில் அள்ளிப் போட்ட மீன் ஆக்சிஜனை வாரிக் குடிக்கும். அந்த எண் அதன் மிரட்சியின் எண். அதனால் தீனியை நிறுத்தி, முந்தின நாளே கண்ணாடி அறையில் விட்டு, சுற்றிலும் கறுப்புத் தாள் ஒட்டிவிடுவோம். சீனியர் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். விராலுக்கு இரட்டைக் கணக்கு வேறு: நீரிலிருந்து எடுத்தது தனி, மேலே அடைத்து வைத்த காற்றிலிருந்து எடுத்தது தனி. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன். நீரிலோ 6, 7 தான். அது ஏன் மேலே வருகிறது என்பது இந்த எண்களிலேயே தெரியும்.

ஏராளமான கேள்விகளுக்கு அவற்றை ஆராயத் தோதான ஒரு விலங்கு உண்டு என்று 1929-ல் உடலியங்கியலாளர் ஆகஸ்ட் க்ரோக் எழுதினார். அதே துறையின் நட் ஷ்மிட்-நீல்சன் ஒட்டகத்துக்காகச் சஹாராவுக்கே போனார். தண்ணீர் கிடைக்காத ஒட்டகம் பகலில் தன் உடல் வெப்பத்தை 40 டிகிரிக்கு மேல் ஏறவிட்டு, விடியலில் 34 வரை இறங்கவிட்டு, வியர்வையை மிச்சம் பிடிக்கிறது என்று கண்டார். நாங்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் வாய்க்காலிலேயே அதற்கு இணையான அதிசயம் நீந்துகிறது.

ஆழம் கூடினால் விரால் மேலே வந்து போவதிலேயே சக்தியைச் செலவழிக்கும், தின்றது உடம்பில் ஒட்டாது என்று டி. ஜே. பாண்டியனும் விவேகானந்தனும் 1970-களில் காட்டினார்கள். நான் திரும்பத் திரும்பப் படிக்கும் ஆய்வு அது. மீன் வளர்க்கும் ஒருவர் வந்து, "அப்ப தண்ணியைக் குறைச்சுக் கட்டலாமாம்மா?" என்று கேட்டார். குறைந்த தண்ணீர் சட்டென்று சூடேறும், சூடேறினால் மீனுக்கு மூச்சுத் தேவையும் கூடும் என்றேன். "சரி, எத்தனை அடின்னு சொல்லுங்க" என்றார். அதற்காகத்தான் இந்தக் கோடையில் தொட்டிகளை மொட்டை மாடிக்கு ஏற்றியிருக்கிறோம்.