அம்மாவும் ஏறக்கூடிய ஸ்போர்ட்ஸ் பைக்

காலை 6 மணி நேரலை நிகழ்ச்சிக்கு நான் 5 மணிக்கே வானொலி நிலையத்தில் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் ரயில் ஓடாது. தினமும் டாக்சி எடுத்தால் சம்பளம் கரைந்துவிடும். அதனால்தான் மோட்டார்சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டேன். தேவைக்காகத் தொடங்கியது கொஞ்சம் கொஞ்சமாக ஆசையாக மாறியது. முன்புறம் காற்றைக் கிழிக்கும் கவசமும், கூர்மையான வாலும், 600 சிசிக்கு மேற்பட்ட எஞ்சினும் கொண்ட ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்று வேண்டும் என்று தோன்றியது.

சிங்கப்பூரில் இந்த ஆசைக்குப் பொறுமை தேவை. 200 சிசி வரை ஓட்ட 2பி உரிமம். அதை ஓராண்டாவது வைத்திருந்தால்தான் 400 சிசி வரைக்கான 2ஏ. மேலும் ஓராண்டு கழித்தே அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கான 2ஆம் வகுப்பு உரிமம். அப்புறம் 10 ஆண்டுக்கான சிஓஇ. 2022ல் மோட்டார்சைக்கிள் சிஓஇ 12,000 வெள்ளியைத் தாண்டியது பலருக்கும் நினைவிருக்கும். இவ்வளவு காலமும் பணமும் கொடுத்து வாங்கும் வண்டி, சுவரொட்டியில் மட்டும் அழகாக இருந்தால் போதாது.

வீட்டில் அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பின்னால அம்மா எங்கே உட்காருவாங்க?"

நியாயமான கேள்வி. வெள்ளிக்கிழமை மாலையில் அம்மாவை வீரமாகாளியம்மன் கோவிலுக்கு அழைத்துச் செல்வது என் பொறுப்பு. திரும்பும்போது தேக்கா சந்தையில் காய்கறி, பூ எல்லாம் வாங்குவார். அறுபதைக் கடந்தவர், முழங்கால் வலியும் உண்டு. ஆனாலும் அந்தப் பயணத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். எனக்கும் மனமில்லை. வாரத்தில் நாங்கள் இருவர் மட்டும் பேசிக்கொள்ளும் நேரம் அதுதான்.

ஆகவே அம்மாவையும் கூட்டிக்கொண்டு உபி வட்டாரக் கடைகளுக்குப் போனேன். முதலில் ஏறியது யமஹா ஆர்6. பல ஆண்டுகளாகப் படத்தில் பார்த்து மயங்கிய வண்டி. இருக்கை உயரம் 850 மில்லிமீட்டர். 5 அடி 4 அங்குலம் உயரமுள்ள எனக்குக் கால்விரல் நுனி மட்டுமே தரையைத் தொட்டது. கைப்பிடிகள் தாழ்வாக இருந்ததால் உடல் முன்னால் சாய்ந்தது. பின்னிருக்கையைத் தடவிப் பார்த்த அம்மா, "காரிடார் சுவர்மேல உட்காரச் சொல்றியா?" என்றார்.

ஆர்6 மோசமான வண்டி அல்ல. பந்தயத் தடத்துக்காகப் பிறந்தது. அதில் சாய்ந்து படுத்து ஓட்டுபவரின் நெஞ்சை வேகத்தில் வரும் எதிர்க்காற்று தாங்கிக்கொள்ளும், கைகளில் பாரம் குறையும். நம் ஊரில் பெரும்பாலான சாலைகளின் வேக வரம்பு 50 கிலோமீட்டர். விரைவுச்சாலையிலும் 90ஐத் தாண்டக்கூடாது. அந்த வேகத்தில் காற்று உதவிக்கு வராது. உடலின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். சிராங்கூன் ரோட்டில் பத்தடிக்கு ஒருமுறை கிளட்ச் பிடித்து நகரும்போது அது இன்னும் மோசம். வலிக்கும் கை பிரேக்கைத் தாமதமாகப் பிடிக்கும் என்பதால் இதை வெறும் சொகுசுப் பிரச்சினை என்று ஒதுக்க முடியாது.

எஞ்சினும் அப்படித்தான். ஆர்6இன் இழுவிசை உச்சத்தைத் தொடுவது நிமிடத்துக்கு 10,500 சுழற்சியில். நகரச் சாலையில் அங்கே போக வாய்ப்பே இல்லை. இரட்டை சிலிண்டர் கொண்ட கவாசாகி நிஞ்சா 650க்கு அந்த உச்சம் 6,500ஐ ஒட்டியே வந்துவிடும். பச்சை விளக்கு விழுந்ததும் பின்னால் ஆளிருந்தாலும் வண்டி திணறாமல் கிளம்பும்.

இடையில் ஹோண்டா சிபிஆர்650ஆர் என்னைத் தடுமாற வைத்தது. நான்கு சிலிண்டரின் இனிமையான ஓசை, 810 மில்லிமீட்டர் இருக்கை. நான் மட்டும் ஓட்டுவதென்றால் அதையே எடுத்திருப்பேன். ஆனால் எடை 200 கிலோவுக்கு மேல். அம்மாவை ஏற்றிக்கொண்டு நெரிசலான வாகன நிறுத்துமிடத்தில் வளைத்துத் திருப்புவதை நினைத்துப் பார்த்தேன். நிஞ்சாவின் இருக்கை 790 மில்லிமீட்டர், கைப்பிடிகளும் உயரம். உட்கார்ந்தால் முதுகு லேசாகத்தான் சாய்கிறது. அம்மா என் தோளைப் பிடித்து ஏறி இரண்டு நிமிடம் உட்கார்ந்தார். "இது பரவாயில்ல" என்றார். வாங்கிவிட்டேன்.

மூன்று ஆண்டுகளாகிவிட்டன. மழை நாள்களில் விரைவுச்சாலைப் பாலத்தின் கீழ் மற்ற ஓட்டுநர்களோடு ஒதுங்கி நிற்கிறேன். சிவப்பு விளக்கில் எஞ்சின் சூடு தொடையில் படத்தான் செய்கிறது. ஸ்போர்ட்ஸ் பைக்கில் அதை முழுவதும் தவிர்க்க முடியாது. மணிக்கட்டில் வலி இல்லை.

நேயர்கள் சிலர் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. நான் சொல்வது மூன்றுதான். கடையில் வண்டியை யாரையாவது நேராகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தலைக்கவசத்தோடு பத்து நிமிடம் உட்காருங்கள். பிறகு கைப்பிடியிலிருந்து கைகளை எடுத்துப் பாருங்கள். உடல் அப்படியே முன்னால் சரிந்தால், அந்தப் பாரத்தைத் தினமும் உங்கள் மணிக்கட்டுதான் சுமக்கப்போகிறது. இரண்டாவது, ஒரே எஞ்சினைக் கவசம் இல்லாமல் நிமிர்ந்த இருக்கையோடும் நிறுவனங்கள் விற்கின்றன. நிஞ்சா 650க்கு இசட்650, சிபிஆர்650ஆருக்கு சிபி650ஆர். அவற்றிலும் ஏறிப் பாருங்கள். மூன்றாவது, பின்னால் உட்காரப்போகிறவரை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகாதீர்கள்.