சதுரகிரியும் ஒரு செவலை நாயும்

சதுரகிரி ஏறியிருக்கீங்களா? ஏறினவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, மகாலிங்கம் தரிசனத்துக்கு முன்னாடி நாய்க் கதைதான் சொல்வாங்க. வழி தெரியாம நின்னப்போ பைரவரே நாயா வந்து கூட்டிட்டுப் போனார்னு. எனக்கு இதுல நம்பிக்கை இல்லை. பிஸ்கட் கிடைக்கும்னு தெரிஞ்ச நாய் கூடவே வருது, அவ்வளவுதான் லாஜிக்னு சொல்லிட்டு இருந்தேன்.

எங்க ஊர் சிவகாசி பக்கம் நாரணாபுரம். அப்பா ஃபயர் ஆபீஸ்ல ஃபோர்மேன். உங்களுக்கு வெடிச் சத்தம்னா தீபாவளி. எங்க வீட்ல அப்படி இல்லை. பகல்ல எங்கயாவது 'தும்'னு ஒரு சத்தம் கேட்டா, எங்க பிளாக்கி கட்டிலுக்கு அடியில போயிடும். அம்மா வாசலுக்கு வந்து எந்தப் பக்கம் புகை தெரியுதுன்னு பார்ப்பாங்க. அப்புறம் அப்பாவுக்கு போன். அவர் எடுக்கிற வரைக்கும் வீட்ல யாரும் பேச மாட்டோம்.

ஞாயிற்றுக்கிழமையில ஒரு அமாவாசை வந்துச்சு. நாலு பேரும் கிளம்பினோம். பிளாக்கியையும் கூட்டிட்டுப் போகணும்னு தங்கச்சி ஒரே அடம். நான்தான் வேண்டாம்னேன். அந்தக் காடு 2021-லேயே ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் ஆயிடுச்சு. வீட்டு நாய்கிட்ட இருந்து காட்டு விலங்குக்கு நோய் போகலாம். 2018-ல கிர் காட்டுச் சிங்கங்கள் செத்தப்போ, நாய்களுக்கு வர்ற டிஸ்டெம்பர் வைரஸைத்தான் அதுங்க உடம்புல கண்டுபிடிச்சாங்க. இவ்வளவும் லெக்சர் கொடுத்துட்டு, தாணிப்பாறை கேட் தாண்டினதும் ஒரு செவலை நாய் எங்களோட சேர்ந்துக்கிச்சு. தங்கச்சி என்னைப் பார்த்து சிரிச்சா.

பிளாஸ்டிக் கவர் உள்ளே விட மாட்டாங்கன்னு அம்மா பிஸ்கட்டை எவர்சில்வர் டப்பாவுல போட்டு வந்திருந்தாங்க. ஒண்ணு எடுத்துப் போட்டாங்க. "பைரவர்டா, பேசாம வா."

வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம். அப்பாவுக்கு மூச்சு வாங்குச்சு. அவர் உட்கார்ந்த இடத்துல எல்லாம் அந்த நாயும் உட்கார்ந்துச்சு. பிஸ்கட் டப்பா எங்ககிட்ட இருந்துச்சு, நாங்க முன்னாடி போயிட்டோம். ஆனா அது அப்பாகிட்டதான் நின்னுச்சு. என் லாஜிக் அங்கேயே கொஞ்சம் இடிச்சுது.

சாமி கும்பிட்டு மத்தியானம் இறங்கும்போது தூரத்துல 'தும்'. அம்மா அப்படியே நின்னுட்டாங்க. கை தானா போனைத் தேடுது, சிக்னல் இல்லை. அப்புறம்தான் பக்கத்துல நிக்கிற அப்பாவைப் பார்த்தாங்க. அவரு அம்மா முகத்தையே பார்த்துட்டு இருந்தார். சத்தம் வந்தா வீட்ல என்ன நடக்கும்னு அவர் அதுவரைக்கும் நேர்ல பார்த்ததே இல்லை. அந்த நேரத்துல எல்லாம் அவர் ஆபீஸ்லதானே இருப்பார்.

"இடி"ன்னார் மெதுவா. "நான் இங்கதான இருக்கேன்."

இடின்னாலும் சும்மா இல்லை. 2015 மே மாசம் இதே மலையில திடீர் வெள்ளம் வந்து பக்தர்களை அடிச்சுட்டுப் போயிருக்கு. மேல மழை பெஞ்சா கீழ ஓடையில நமக்குத் தெரியவே தெரியாது. வேகமா இறங்கினோம். நாய் முன்னாடி போய் ஒவ்வொரு ஓடையையும் தாண்டி நின்னு திரும்பிப் பார்த்துச்சு. எங்க நல்ல நேரம், ஓடையில தண்ணி ஏறலை. சத்தத்துக்கு அது காதைக்கூட ஆட்டலைங்கிறதைத்தான் நான் பார்த்துட்டே வந்தேன்.

கேட் கிட்ட வந்ததும் நின்னுடுச்சு. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்பா"ன்னு தங்கச்சி அழுதா.

"வேண்டாம்மா. இது சத்தத்துக்குப் பயந்து பழகாத நாய். நம்ம ஊருக்கு எதுக்கு?"ன்னார் அப்பா.

இப்போ தினமும் மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல அப்பாவே போன் பண்றார். "சாப்டியா?"ன்னு மட்டும் கேட்பார். அம்மா "ம்" சொல்லி வெச்சிடுவாங்க. அந்த நாய் பைரவரான்னு எனக்கு இன்னும் தெரியலை. ஆனா அடுத்த தடவை நீங்க சதுரகிரி போனா, கூட வர்றவங்க முகத்தையும் கொஞ்சம் பார்த்துட்டு வாங்க.