கண்ணில்லாத சுக்கானி

கட்டுகஸ்தோட்டை,
கண்டி.
பங்குனி 12

அன்புள்ள மருமகனுக்கு,

வீட்டுக்குப் பின்னால் மகாவலி இறங்கிப் பாறைகள் வெளியே தெரிகின்றன. இந்தத் தண்ணீர் வளைந்து வளைந்து போய்க் கடைசியில் உன் பக்கத்துக் கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. அதை நினைத்தால் கண்டிக்கும் திருகோணமலைக்கும் உள்ள தூரம் குறைந்த மாதிரி இருக்கும்.

சுக்கான் பிடிக்கும் பொறி ஒன்று வாங்கப் போவதாக நீ எழுதியதை வாசித்ததும் எனக்குப் பெரிய ஆறுதல். போன வருடம் பருத்தித்துறையிலிருந்து திருகோணமலைக்கு உன் பாய்ப்படகில் இருவருமாக வந்தோமே, அந்த இரவை நான் மறக்கவில்லை. முல்லைத்தீவைத் தாண்டும்வரை நீ சுக்கானை விடவில்லை. விடியுமுன் உன் தலை சாய்ந்தது. படகு காற்றுக்கு முகம் கொடுத்துப் பாய் படபடவென்று அடித்தது. அந்தச் சத்தத்தில் நான் எழும்பியிராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று மாமிக்கு இன்றுவரை சொல்லவில்லை. நூறு கடல் மைல் ஓட்டத்துக்கு இரண்டு பேர் போதாது. மூன்றாவது ஆளாக இந்தப் பொறி வரட்டும்.

எது வாங்குவது என்று கேட்டாய். ரேமரீன் கம்பனியின் எஸ்டி 1000 பிளஸ் மலிவு, அது போதாதா என்பது உன் கேள்வி. அது மூன்று தொன் வரையான படகுக்கு. உன் படகின் கடதாசியில் 2.8 தொன் என்று இருப்பதைப் பார்த்து நீ கணக்குப் போட்டிருக்கிறாய். அது வெறும் படகின் நிறை. தண்ணீர், எரிபொருள், நங்கூரமும் சங்கிலியும், பற்றரி, சாமான், நீயும் மருமகளும் என்று ஏற்றிப் பார். மூன்றைத் தாண்டிவிடும். ஏற்றிய நிறைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித்தான் பொறியைத் தெரிய வேண்டும். ஆகவே நாலரைத் தொன் வரை தாங்கும் எஸ்டி 2000 பிளஸ்தான் உனக்குச் சரி. உள்ளே திருகாணி குண்டுகளில் உருளும்படி செய்திருப்பதால் உராய்வு குறைவு. வேகமாகத் தள்ளும், மின்சாரமும் அளவோடு எடுக்கும். சிம்ராட் கம்பனியின் பொறி வாங்கினாலும் இதே கணக்கைப் போட்டுப் பார்.

மின்சாரத்தை இப்படி யோசி. சராசரியாக முக்கால் அம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்குப் பதினெட்டு அம்பியர்-மணி. கடல் குழம்பினால் அது இரட்டிக்கும். உன் 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் பற்றரியின் ஆயுள் போய்விடும். வெளிச்சங்களுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் அதிலிருந்துதான் கொடுக்க வேண்டும். 50 வாட் சோலார் பனல் நல்ல வெயிலில் பொறி தின்றதை மட்டும்தான் திருப்பித் தரும். 100 வாட் போடு. பற்றரியிலிருந்து தடித்த வயர் இழு. மெல்லிய வயரில் வோல்ட் விழுந்தால், பலம் வேண்டிய நேரத்தில் பொறி சோர்ந்துவிடும்.

பூட்டும்போது அவசரப்படாதே. சுக்கான் அச்சிலிருந்து 46 சென்ரிமீற்றரில் கைப்பிடியில் பொறியின் தண்டைக் கொளுவும் முளை வரவேண்டும். சுக்கான் நடுவில் நிற்கும்போது தண்டு கைப்பிடிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். உள்ளே திசைகாட்டி இருப்பதால் ஒரு மீற்றருக்குள் இரும்போ ஒலிபெருக்கியோ வைக்காதே. நீ பக்கத்தில் வைக்கும் அந்தப் பிஸ்கட் தகரத்தையும் எடுத்துவிடு. தண்டு வெளியே வரும் வாயால்தான் உப்புத்தண்ணீர் உள்ளே போகும். அதற்கு மாமி கன்வஸில் உறை தைத்துத் தருவதாகச் சொல்கிறா. பொறியின் நீள அகலத்தை அனுப்பு.

மின்சாரமே வேண்டாத காற்றாடிச் சுக்கானைப் பற்றியும் கேட்டிருந்தாய். இந்திய மாலுமி அபிலாஷ் டோமி 2023 இல் கோல்டன் குளோப் பாய்ப்படகுப் போட்டியில் உலகைச் சுற்றி இரண்டாவதாக வந்தது அப்படியான ஒன்றோடுதான். அந்தப் போட்டியில் மின் பொறிக்கு அனுமதியே இல்லை. காற்று கூடக் கூடக் காற்றாடிச் சுக்கானுக்குப் பலமும் கூடும். ஆனால் விலை பல மடங்கு. காற்று விழுந்து இயந்திரத்தில் ஓடும்போது உதவாது. நம்முடைய கரையோரத்தில் அது அடிக்கடி நடக்கும். அந்தமான் வரை போகும் எண்ணம் வந்தால் அப்போது கதைப்போம்.

எதை வாங்கினாலும் முதல் வேலை பாயில்தான் இருக்கிறது. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறையைப் பிடித்தது. அதில் இப்படி எந்தப் பொறியும் இல்லை. நம் ஊர்த் தண்டையல்மார் பாயைத் திருத்தித்தான் சுக்கானை இளக வைப்பார்கள். நீயும் ஒரு விரலால் சுக்கானைப் பிடித்துப் பார். படகு காற்றுப் பக்கம் இழுத்தால் பெரிய பாயைச் சுருக்கு. ஒரு விரலுக்கு அடங்காத படகைப் பொறியிடம் கொடுத்தால் அது இரவு முழுக்க மல்லுக்கட்டி, பற்றரியையும் வீணாகத் தின்னும்.

இன்னொன்று. பின்னாலிருந்து சாய்வாகப் பெரிய அலை வரும்போது சுக்கானை நீயே எடு. அலை வருவதை நீ முதலே காண்பாய். பொறிக்குப் படகு திரும்பிய பிறகுதான் தெரியும். அதற்குக் கை இருக்கிறது, கண் இல்லை. கொக்கிளாய், புல்மோட்டைப் பக்கம் இரவில் சின்ன விளக்கோடு வலை போட்டிருக்கும் வள்ளங்களும் அதற்குத் தெரியாது. அடிவானத்தில் தெரியும் கப்பல் இருபது நிமிடத்தில் உன்னருகே வந்துவிடும். ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பிச் சுற்றிப் பார்.

எல்லாவற்றிலும் எனக்குப் பெரிய பயம் இதுதான். கையால் பிடித்து ஓட்டும்போது நீ விழுந்தால் படகு காற்றுக்குத் திரும்பி நிற்கக்கூடும். பொறி பிடித்திருந்தால் படகு நிற்காது. ஐந்து நொட் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு நூற்றைம்பது மீற்றர் போய்விடும். கீழே நித்திரை கொள்ளும் மருமகளுக்கு ஒன்றும் தெரியாது. இடுப்பு வாரும் கயிறும் இல்லாமல் இரவில் ஒருவரும் மேலே வரக்கூடாது.

ஆகையால் ஒன்று செய்வோம். சின்னப் பொறிக்கும் பெரியதுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை நான் போடுகிறேன். உன் கையில் மிஞ்சும் காசில் இரண்டு பேருக்கும் வாரும் கயிறும் வாங்கு. சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கிழமை தம்புள்ளை, ஹபரணை வழியாக பஸ்ஸில் வருகிறேன். மாமியின் உறையும் என்னோடு வரும். முதல் இரவு ஓட்டத்தில் பொறி சுக்கானைப் பிடிக்கட்டும். நீ நித்திரை கொள். நான் விழித்திருந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா