போலி ஆன்டிவைரஸும் ஃபார்மட் அடிக்காத கைவேலையும்

கணினியில் வைரஸ் இருப்பதாகப் பொய் சொல்லி, அதை நீக்கித் தருவதாகப் பணம் பறிக்கும் மென்பொருளே போலி ஆன்டிவைரஸ். திரையில் தானாக ஒரு ஸ்கேன் ஓடும். நூற்றுக்கணக்கில் வைரஸ் பிடிபட்டதாகச் சிவப்பு எழுத்தில் பட்டியல் விழும். நீக்க வேண்டுமானால் முழுப் பதிப்பை வாங்கச் சொல்லும். பட்டியலில் உள்ள எதுவும் கணினியில் இருக்காது. பட்டியலைக் காட்டும் நிரல்தான் அங்கிருக்கும் வைரஸ்.

விண்டோஸ் எக்ஸ்பி கோலோச்சிய காலத்தில் இது ஒழுங்காக நிறுவப்பட்ட வணிகமாகவே நடந்தது. வின்ஃபிக்ஸர், டிரைவ் கிளீனர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் ஆகியவற்றை விற்ற இன்னொவேட்டிவ் மார்க்கெட்டிங் நிறுவனம் உக்ரைனின் கீவ் நகரில் அலுவலகம் வைத்து நிரலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்தது. வாங்கியவர்களின் சந்தேகம் தீர்க்கக் கால் சென்டர்கூட இருந்தது. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008 டிசம்பரில் வழக்குத் தொடர்ந்தது. ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல் என்பது அதன் கணக்கு. 2012-இல் 16.3 கோடி டாலருக்குத் தீர்ப்பானது. அதற்கு முந்தைய ஆண்டே ஏமாந்தவர்களில் சுமார் 3,20,000 பேருக்குக் காசோலை அனுப்பப்பட்டது. தலைக்குச் சராசரியாக 20 டாலர். திரும்பி வரும் பணம் இவ்வளவுதான். கணினியைச் சுத்தம் செய்யும் வேலையோ உள்ளூர் மெக்கானிக்கின் தலையில் விழுகிறது.

மைசூரு அக்ரஹாரம் அப்படிப்பட்ட வேலைக்கு ஏற்ற பேட்டை. அரண்மனைக்கு எட்டும் தொலைவில், நூற்றொன்று கணபதி கோயிலைச் சுற்றிய பழைய தெருக்கள். பென்ஷன்காரர்களின் ஊர் என்று பெயரெடுத்த மைசூருவில் அந்தப் பெயருக்கு மிகவும் பொருந்தும் இடங்களில் ஒன்று. பிள்ளைகள் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்க, வீட்டில் ஒரு டெஸ்க்டாப்பும் ஒரு யுபிஎஸ்ஸும் மிஞ்சியிருக்கும். அதில் கல்யாண ஆல்பம் இருக்கும், வருமான வரிக் கணக்கு இருக்கும். நுடி, பரஹா போன்ற கன்னடத் தட்டச்சு மென்பொருளில் அடித்த கடிதங்களும், தமிழ்க் குடும்பமானால் பாமினி எழுத்துருவில் அடித்த வம்சாவளியும் இருக்கும்.

டிஸ்க்கை முழுக்க அழித்து விண்டோஸை மறுபடி நிறுவும் ஃபார்மட்டுக்கு இந்தக் கடைசி வகைக் கோப்புகள்தான் முதல் பலி. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த கோப்பைப் பென்டிரைவில் காப்பாற்றி வைத்தாலும், எழுத்துரு போய்விட்டால் திறக்கும்போது ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பைதான் தெரியும். ஆனாலும் வந்து உட்கார்ந்த சர்வீஸ்காரர் வாயில் வரும் முதல் வாக்கியம், “ஃபார்மட் அடிச்சிடலாம் சார்” என்பதே. காரணம் சோம்பல் மட்டுமல்ல. ஃபார்மட் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம். சுத்தம் செய்வது அரை நாள் இழுக்கும், அதற்கும் அதே விசிட் கூலிதான். சாலிட்டி போல ஒவ்வொரு நிரல் கோப்பிலும் தன்னை ஒட்டிக்கொள்ளும் வைரஸ் பரவியிருந்தால் ஃபார்மட்தான் சரி. போலி ஆன்டிவைரஸ் அந்த ரகமல்ல. அதற்கு ஃபார்மட் அடிப்பது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

வேலை இணையக் கம்பியைப் பிடுங்குவதில் தொடங்குகிறது. அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் போலி நிரலை நிறுத்த வேண்டும். பழைய ரகங்கள் இங்கேதான் கெட்டிக்காரத்தனம் காட்டின. எந்த .எக்ஸ்இ கோப்பைத் திறந்தாலும் முதலில் தாங்களே ஓடும்படி விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியை மாற்றி வைத்தன. டாஸ்க் மேனேஜரும் உண்மையான ஆன்டிவைரஸும் திறக்க மறுத்து, ‘இந்தக் கோப்பில் வைரஸ்’ என்று செய்தி வரும். அதற்குக் கைகண்ட மருந்து பெயர் மாற்றம். துப்புரவுக் கருவிக்கு எக்ஸ்ப்ளோரர் என்றோ ஐஎக்ஸ்ப்ளோர் என்றோ பெயர் வைத்தாலும், கோப்பின் பின்னொட்டை .காம் என்று மாற்றினாலும் பெரும்பாலும் வழிவிட்டுவிடும். ப்ளீப்பிங் கம்ப்யூட்டர் தளத்தின் ஆர்கில் என்ற சிறு கருவி இப்படிப் பல பெயர்களில் கிடைத்ததற்குக் காரணம் இதுதான். அதுவும் பலிக்காவிட்டால், அத்தியாவசிய நிரல்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடு. எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7-இலும் எஃப்8 விசை போதும். பிந்தைய விண்டோஸில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும்.

ஆர்கில் நிரலை நிறுத்துமே தவிர நீக்காது. கணினியை ரீஸ்டார்ட் செய்தால் போலி மறுபடி எழுந்துவிடும். ஆகவே அதே மூச்சில் மால்வேர்பைட்ஸ் போன்ற ஸ்கேனரை ஓட்ட வேண்டும். பயனர் கணக்கின் ஆப்டேட்டா கோப்புறையில் அர்த்தமில்லாத எழுத்துக்கோவையைப் பெயராகக் கொண்ட கோப்பு ஒன்று கிடைக்கும். ஆட்டோரன்ஸ் கருவியில், கணினி தொடங்கும்போதே அதை எழுப்பும் வரியும் தெரியும்.

கவனக்குறைவான மெக்கானிக் சேதம் செய்வது இதற்குப் பிந்தைய கட்டத்தில். 2010-ஐ ஒட்டி, ஹார்ட் டிஸ்க் பழுதாகிவிட்டதாகப் பயமுறுத்தும் ஒரு ரகம் பரவியது. அது பயனரின் எல்லாக் கோப்புகளையும் மறைத்துவிடும். ஸ்டார்ட் மெனுவின் ஷார்ட்கட்களை டெம்ப் கோப்புறைக்குள் இருக்கும் எஸ்எம்டிஎம்பி என்ற இடத்துக்கு நகர்த்திவிடும். ஆல்பம் முழுக்கப் போய்விட்டது என்று வீட்டுக்காரர் அழுதாலும் படங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். மறைவுக் குறியை நீக்கும் ஒரு கட்டளையில் அத்தனையும் திரும்பி வரும். ஆனால் சுத்தம் என்ற பெயரில் டெம்ப் கோப்புறையை முதலில் காலி செய்கிறவர், நகர்த்தப்பட்ட ஷார்ட்கட்களையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறார். மீட்க வேண்டியதை மீட்ட பிறகுதான் டெம்பில் கை வைக்க வேண்டும். கடைசியாக .எக்ஸ்இ திறப்பு அமைப்பு, உலாவியின் பிராக்ஸி, ஹோஸ்ட்ஸ் கோப்பு மூன்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். போலி போன பிறகும் இணையம் வரவில்லை என்ற புகார் பெரும்பாலும் பிராக்ஸியைத் திருத்த மறந்ததால் வருவது.

இப்போதைய போலிகளுக்கு இவ்வளவு உழைப்பு தேவையில்லை. திரையின் மூலையில் ‘உங்கள் மெக்காஃபி சந்தா முடிந்தது’ என்று மணிக்கொருமுறை எழும் அறிவிப்புக்குப் பின்னால் பெரும்பாலும் எந்த நிரலும் இருக்காது. ஏதோ ஒரு தளத்தில் ‘அலவ்’ பொத்தானை அழுத்தியதன் விளைவு அது. குரோமின் தள அமைப்புகளில் நோட்டிஃபிகேஷன் பட்டியலைத் திறந்து, முன்பின் தெரியாத தளங்களை நீக்கினால் முடிந்தது. இந்த ஒரு நிமிட வேலைக்கும் ஃபார்மட் கூலி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு தொலைபேசி எண் காட்டும் பக்கமானால், எஸ்கேப் விசையைச் சில விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். அசையாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் உலாவியை மூட வேண்டும். அந்த எண்ணை அழைத்தால் மறுமுனைக்காரர் தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எனிடெஸ்கை நிறுவச் சொல்லி, விண்டோஸின் நிகழ்வுப் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் சிவப்புக் குறிகளைக் காட்டுவார். எந்த விண்டோஸிலும் அந்தக் குறிகள் சாதாரணம். இத்தகைய அழைப்பு மையங்கள் பல இந்தியாவிலிருந்தே இயங்குகின்றன. மைக்ரோசாஃப்ட் தந்த புகாரின்பேரில் 2018-இல் டெல்லி வட்டாரத்திலும், 2023 அக்டோபரில் சிபிஐயின் ‘ஆபரேஷன் சக்ரா 2’-இலும் சோதனைகள் நடந்தன.

பழுது பார்க்கும் கடையே போலி ஸ்கேன் காட்டிய கதையும் உண்டு. அமெரிக்காவின் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் நடந்த இலவசச் சோதனையில், கணினி மெதுவாக ஓடுகிறதா, பாப்அப் வருகிறதா என்பது போன்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு டிக் அடித்தாலே மால்வேர் அறிகுறி இருப்பதாக முடிவு வந்தது. ஸ்கேன் வெறும் ஒப்புக்கு. 2019-இல் அந்தக் கடையும் மென்பொருள் தந்த சப்போர்ட்.காமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டின. ஆகவே மெக்கானிக்கிடம் பிடிபட்ட கோப்பின் பெயரையும் அது இருந்த இடத்தையும் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

பணம் கட்டிவிட்ட வீட்டில் வரிசை மாறும். கணினியைத் தொடுவதற்கு முன் வங்கிக்குச் சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தாமே ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆன நட்டம் அவருடையது. தெரிவித்த பிறகு ஆவது வங்கியுடையது. கார்டை முடக்கிவிட்டு 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகாரைப் பதிய வேண்டும். கணினி வழி ஆள்மாறாட்ட மோசடிக்கான தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 66டி மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும். ஆனால் அதே கணினியில் அல்ல, கைபேசியிலிருந்தோ வேறொரு கணினியிலிருந்தோ.