வள்ளம் எங்கே நிற்கிறது?

திருகோணமலை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கோணேசர் கோயிலும், உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்ற பெருமையுமே. ஆனால் திருக்கடலூர், சல்லி, கிண்ணியா, மூதூர் கரைகளில் வாழும் எமது சகோதரிகளுக்கு இக்கடல் வேறொரு கணக்கு. மாலையில் புறப்பட்ட வள்ளம் விடிய முன்னர் திரும்ப வேண்டும். அது திரும்பினால்தான் அன்றைய அடுப்பு எரியும். இயந்திரம் வாங்கிய கடனுக்கும் தவணை கட்டலாம்.

பகலில் கடலில் நிற்பவருக்கு சுவாமிமலை நல்ல வழிகாட்டி. மலையையும் கரையிலுள்ள இன்னோர் அடையாளத்தையும் சேர்த்துப் பார்த்து, வலை போட்ட இடத்தை நினைவில் வைப்பது பழைய வழக்கம். இரவிலும் மழை மூட்டத்திலும் அந்த அடையாளங்கள் மறைந்துவிடும். வாடைக்காற்றுக் காலத்தில் கடலும் கொந்தளிக்கும்.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும் பலநாள் படகுகளுக்கு செய்மதிக் கண்காணிப்புக் கருவி உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குத் தடை விதித்தது. ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்கப் போதிய ஏற்பாடு இல்லாததும் அதற்கு ஒரு காரணம். அதன் பின்னரே இக்கருவிகள் பெருமளவில் பொருத்தப்பட்டன. 2016இல் தடையும் நீங்கியது. செய்மதி வழியாகவே செய்தி அனுப்புவதால் இக்கருவி நடுக்கடலிலும் இயங்கும். ஒருநாள் தொழிலுக்குப் போகும் சிறு பிளாஸ்டிக் வள்ளங்களில் பொதுவாக இது இல்லை. அங்கே இருப்பது மலிவான ஒரு ஸ்மார்ட் தொலைபேசிதான்.

அந்தத் தொலைபேசியையே கண்காணிப்புக் கருவியாகப் பயன்படுத்தலாம். ஆனால் அது செய்யும் வேலைகள் இரண்டு என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். முதலாவது, தான் நிற்கும் இடத்தை அறிவது. சுமார் 20,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜீ.பி.எஸ். செய்மதிகளின் சமிக்ஞையைப் பெற்று, திறந்த வானத்தின் கீழ் ஏறக்குறைய 5 மீற்றர் துல்லியத்தில் இடத்தைக் கணிக்கும். இதற்கு சிம் அட்டையோ பணமோ தேவையில்லை. இரண்டாவது, அந்த இடத்தை எமக்கு அறிவிப்பது. இதற்குக் கரையிலுள்ள தொலைபேசிக் கோபுரம் வேண்டும். வள்ளம் விலக விலக அந்தத் தொடர்பு மெலிந்து அறுந்துவிடும்.

கரையில் காத்திருக்கும் ஒரு தாய்க்கு மகன் இதனை இப்படிச் சொல்லலாம்: “புள்ளி அசையாமல் நிண்டால் வள்ளம் தாண்டு போச்சுதெண்டு அர்த்தமில்லை அம்மா. கோபுரம் எட்டேல்லை, அவ்வளவுதான்.” இதன் மறுபக்கமும் உண்மை. புள்ளி தெரிகிறது என்பதற்காக ஆபத்தில்லை என்று இருந்துவிடவும் முடியாது.

வட்ஸ்அப்பில் நேரடி இடப்பகிர்வு கூடியது 8 மணி நேரமே நீடிக்கும். மாலை 5 மணிக்குப் போகும் வள்ளத்துக்கு அது நள்ளிரவு 1 மணியுடன் முடிந்துவிடும். கூகுள் மெப்ஸில், நாமே நிறுத்தும் வரை பகிரும்படி வைக்கலாம். தொடர்பு இல்லாத நேரத்துப் பாதையைச் சேமித்து வைத்து, கோபுரம் எட்டியதும் அனுப்பும் செயலிகளும் உண்டு. தொலைபேசியின் மின்சேமிப்பு ஏற்பாடு இத்தகைய செயலிகளை இடையில் நிறுத்திவிடக்கூடும். அந்தச் செயலிக்கு மட்டும் அதனை நீக்கிவிடுங்கள். தண்ணீர் புகாத உறையில் இட்டு, எரிபொருள் கலனுக்கு அருகில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பலகாமத்து வயலில் ஓடும் லேண்ட்மாஸ்டருக்கும் ஓட்டோவுக்கும் பழைய தொலைபேசி ஒன்று இவ்வாறே உதவும். களவு போனால் தேட வழியுண்டு. இரும்புப் பெட்டிக்குள் வைத்தால் சமிக்ஞை கிடைக்காது. வெயில் படும் இடத்தில் வைத்தால் பற்றரி வீங்கிவிடும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வாகனம் ஓட்டுபவர் ஆணாயினும் பெண்ணாயினும், அவருக்குத் தெரிந்தே இதனை வைக்க வேண்டும். மனைவியின் ஸ்கூட்டரில் ஒளித்து வைப்பது பாதுகாப்பு அல்ல, வேவு பார்த்தல்.

சகோதரிகளே, வீட்டில் ஒரு கொப்பி வைத்திருங்கள். புறப்பட்ட நேரம், போகும் திசை, வள்ளத்தின் பதிவு இலக்கம், உடன் சென்றவர்களின் பெயர், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். இரவில் கடைசியாகக் கிடைத்த இடத்தின் இரு இலக்கங்களையும் நேரத்துடன் குறியுங்கள். 8.58, 81.24 என்றால் சுவாமிமலைப் பக்கம். இரண்டாவது இலக்கம் 81.34 ஆனால், அங்கிருந்து கிழக்கே ஏறக்குறைய 11 கிலோமீற்றர் கடலுக்குள் என்று அர்த்தம். எத்தனை மணி நேரம் தாமதித்தால் தேடத் தொடங்குவது என்பதையும் வள்ளம் புறப்பட முன்னரே பேசி முடிவுசெய்யுங்கள். அந்த நேரம் கடந்தால் கடற்றொழிலாளர் சங்கத்துக்கும் கடற்படைக்கும் சொல்லத் தயங்க வேண்டாம். “இரவு போனவர் இன்னும் வரவில்லை” என்பதைவிட, கொப்பியிலுள்ள இரண்டு இலக்கங்களும் நேரமும் தேடுவோருக்கு எவ்வளவோ உதவும்.